கேரிங்ஸ் வழியாகத் தத்தெடுத்தல்: ஒரு திருநங்கையின் மதிப்பீடு

ஆதரவற்ற குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்க விரும்பும் எவரும் இன்று முதலில் சென்று பதிவு செய்ய வேண்டிய இடம் கேரிங்ஸ் என்ற இணையதளம். காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் இதை நடத்துகிறது. இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனியாக வாழும் திருநங்கை ஒருவர் இதே வாசலுக்குப் போனால் எது எளிதாக நடக்கும், எங்கே தடுக்கும், எந்தத் தாளை எப்போது தயார் செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவர்கள் அரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பதிவு, ஆவணங்கள், வீட்டு ஆய்வு ஆகிய கட்டங்களைக் கடந்து, இப்போது வரிசையில் காத்திருக்கிறேன். குழந்தை இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்பதால், அதற்குப் பிந்தைய கட்டங்களைப் பற்றி விதிகளில் உள்ளதை மட்டுமே சொல்வேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரால் குழந்தையை வளர்க்க முடியுமா என்ற கேள்வியை இந்த அமைப்பு பொறுப்போடு கேட்கிறது. அதற்காக நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை வந்தடைவதற்கு முன்பே, உங்களுக்குச் சொந்தம் என்று யார் இருக்கிறார்கள் என்ற வேறொரு கேள்வியில் எங்களில் பலர் நின்றுவிடுகிறோம்.

2015க்கு முன்பு ஒவ்வொரு தத்து நிறுவனமும் தனக்கென ஒரு காத்திருப்போர் பட்டியலை வைத்திருந்தது. நிறுவனத்தை நடத்துபவருக்கு உங்கள் முகம் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைக்கு அதில் நிறைய இடம் இருந்தது. அந்த ஆண்டில் பதிவு முழுவதும் இணையத்துக்கு வந்து, நாடு முழுமைக்கும் ஒரே வரிசை ஏற்பட்டது. திருநர்களுக்கு இது சாதாரண மாற்றமல்ல. வாசலில் நிற்கும் காவலாளியோ வரவேற்பில் இருப்பவரோ ஏற இறங்கப் பார்த்துத் திருப்பி அனுப்பும் முதல் அவமானம் இங்கே இல்லை. வீட்டிலிருந்தே படிவத்தை நிரப்பலாம். பதிவு எண் கிடைக்கும். வரிசையில் நம் இடம் எங்கே என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய் என்பது உட்பட ஒவ்வொரு கட்டணமும் விதியில் எழுதப்பட்டுள்ளது, ரசீது தருகிறார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கூடுதலாக ஏதாவது கொடுத்துப் பழகிப்போன எங்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

அடுத்தது தகுதி. இங்கேதான் வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 57ஆம் பிரிவில், தனி நபரும் மணவிலக்குப் பெற்றவரும் தத்தெடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறது. அதோடு, தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது என்ற தடையையும் வைக்கிறது. அதன்கீழ் வந்த 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5ஆம் விதி இன்னும் விரிவாகப் பேசுகிறது: தனிப் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் தத்தெடுக்கலாம், தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது, தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வு வேண்டும். பெண், ஆண், தம்பதி என்ற இந்த மூன்றோடு விதி நின்றுவிடுகிறது. திருநர் என்ற சொல் அதில் இல்லை. தடுக்கும் வரியும் இல்லை, அனுமதிக்கும் வரியும் இல்லை.

இந்த மௌனத்தின் விளைவு உங்கள் கையில் இருக்கும் சான்றிதழைப் பொறுத்து மாறுகிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வகைச் சான்றிதழ்களை வகுத்தது. 6ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் தருவதில் பாலினம் 'திருநர்' என்றிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் 7ஆம் பிரிவின்கீழ் வாங்கும் திருத்திய சான்றிதழில் ஆண் அல்லது பெண் என்று வரும். நான் இரண்டாவது வகையை வாங்கி, ஆதார், பான் அட்டை எல்லாவற்றிலும் பெண் என்று மாற்றிய பிறகு, தனிப் பெண்ணாகவே விண்ணப்பித்தேன். தாளில் பெண் என்று இருப்பவரைத் தனிப் பெண்ணுக்குரிய விதியின்படிதான் பார்க்க முடியும். என் விஷயத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தவர், உடல்நிலை இடம் கொடுக்காதவர், திருநர் என்ற அடையாளத்தோடேயே வாழ விரும்புபவர் ஆகியோர் எந்த வகையில் சேர்வார்கள் என்பதை விதி சொல்லவில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை உண்டு என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பின் எழுதப்பட்ட ஒழுங்குமுறை அந்தத் தீர்ப்பைக் கண்டுகொள்ளாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

திருநம்பிகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. பிறப்பில் பதிந்த பாலினத்தோடேயே ஆவணங்களை வைத்திருக்கும்வரை ஒரு திருநம்பி எந்தக் குழந்தைக்கும் விண்ணப்பிக்கலாம். தன்னை ஆண் என்று சட்டப்படி திருத்திக்கொண்ட மறுநாள் முதல் அவர் ஆண் குழந்தைக்கு மட்டுமே தகுதியானவர். அவருடைய வருமானமும் வீடும் குணமும் மாறவில்லை. அட்டையில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புகைப்படம், பான், பிறந்த தேதிக்கான சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். இவற்றில் பெயரும் பாலினமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் எங்களுக்கு மலை போன்ற வேலை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பழைய பெயர், வங்கிக் கணக்கில் புதிய பெயர், வாடகை ஒப்பந்தத்தில் ஊரார் கூப்பிடும் பெயர் என்று மூன்று பேராக நிற்கும் ஒருத்தியை எந்த அலுவலரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அதன் பிரதியையும் ஆட்சியர் தந்த சான்றிதழையும் ஒரே கோப்பாக்கி, பழைய பெயர் உள்ள ஒவ்வொரு ஆவணத்தின் பின்னாலும் சேர்த்துப் பதிவேற்றினேன். இதைச் செய்யாமல் பதிவைத் தொடங்க வேண்டாம் என்று என்னிடம் கேட்கும் தங்கைகளுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. விதி கேட்பது நாள்பட்ட, தொற்றக்கூடிய அல்லது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, தத்தெடுக்கத் தகுதியான உடல்நிலை உண்டு என்ற உறுதியை மட்டுமே. நான் முதலில் போன மருத்துவமனையில், ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவுடன் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த மாத்திரையை நாள்பட்ட நோய்க்கான மருந்தாக அவர் எடுத்துக்கொண்டார். பிறகு கேட்ட கேள்விகள் என் நுரையீரலைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ அல்ல. அவற்றை இங்கே எழுதும் மனம் எனக்கு இல்லை. எனக்குத் தொடர்ந்து சிகிச்சை அளித்து வரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், இந்த மருந்து நோய்க்கானதல்ல என்றும், பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றும் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டியபின் வேறொரு மருத்துவமனையில் சான்று கிடைத்தது. அந்தக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது இந்தச் சேவையில் எனக்கு மிகவும் உறுத்திய பகுதிக்கு வருகிறேன். தனியாகத் தத்தெடுப்பவர், தனக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவரிடம் உறுதிமொழி வாங்கித் தர வேண்டும். குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான கோரிக்கை. ஒரு முறை கைவிடப்பட்ட குழந்தை மறுபடியும் யாருமற்று நிற்கக் கூடாது. அந்த நோக்கத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் உறவினர் என்ற இடத்தில் யாருடைய கையெழுத்தை ஏற்பார்கள் என்பதில்தான் எங்கள் வாழ்க்கை மாட்டிக்கொள்கிறது.

எங்களில் பெரும்பாலோரைப் பெற்ற வீடு வெளியே அனுப்பிவிட்டது. அனுப்பப்பட்டவர்களை, திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட குடும்பமான ஜமாத் எடுத்துக்கொண்டது. ஜமாத்தில் மூத்த திருநங்கை ஒருவர் இளையவளைச் சடங்கு செய்து மகளாக ஏற்கிறார். அவர் அம்மா, அவருடைய அம்மா நானி, உடன் ஏற்கப்பட்டவர்கள் அக்கா தங்கைகள். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பது நாள் பக்கத்தில் இருந்து பார்த்ததும், பட்டப்படிப்புக்குக் கட்டணம் கட்டியதும் அந்த அம்மாதான். தத்தெடுத்தல் என்றால் என்ன என்பதை நான் அறிந்ததே அவர் என்னை எடுத்துக்கொண்ட விதத்தில்தான். உறுதிமொழிக் கடிதத்தில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன். நான் அணுகிய நிறுவனத்தில், இரத்த உறவோ மண உறவோ இருப்பதற்கான சான்று கேட்டு அதைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னதற்குச் சட்டத்தில் ஆதாரமும் இருந்தது. திருநர்களைப் பாதுகாப்பதற்காகவே வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம்கூட, 2ஆம் பிரிவில், இரத்தத்தாலோ திருமணத்தாலோ சட்டப்படி நடந்த தத்தாலோ இணைந்தவர்களே குடும்பம் என்று வரையறுத்தது. ஜமாத் அதற்குள் வராது.

கடைசியில் என் உடன்பிறந்த அக்கா கையெழுத்துப் போட்டார். பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வீட்டுக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமா யோசித்துவிட்டு, "பிள்ளைக்கு நாங்க இருக்கோம்னு எழுதறதுல என்னம்மா தப்பு இருக்கு, போடச் சொல்லு" என்றார். எனக்கு அந்தக் கதவு திறந்தது. திறக்காதவர்களை எனக்குத் தெரியும். வீடு, நிலையான வருமானம், குழந்தைகளிடம் பொறுமை எல்லாம் இருந்தும், கையெழுத்துப் போட ஒரு சொந்தம் கிடைக்காத ஒரே காரணத்தால் பதிவையே தொடங்காமல் இருக்கும் தோழிகள் எனக்கு உண்டு.

2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வேலூர் தொடர்பான ஆட்கொணர்வு மனு ஒன்றில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்று மட்டுமே வழி அல்ல என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் ஏற்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னது. அது தத்தெடுப்பு வழக்கு அல்ல. இருந்தாலும், உறுதிமொழிக் கடிதத்தை ஏற்கும் அலுவலர்களிடம் காட்டிப் பேச எங்களுக்குக் கிடைத்திருக்கும் வலுவான துணை அதுதான். இரத்த உறவுக்குப் பதிலாக, விண்ணப்பதாரரோடு நீண்ட காலம் வாழ்ந்தவர், வருமானமும் முகவரியும் காட்டக்கூடியவர் என்ற அளவுகோலை வைத்தால் குழந்தையின் பாதுகாப்பு ஒரு துளியும் குறையாது. எத்தனையோ வீடுகளில் இரத்த உறவு எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும். ஜமாத்தில் அப்படி மறப்பவர் எல்லோர் முன்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டு ஆய்வு எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது. பதிவும் ஆவணங்களும் சரியாக இருந்தால், சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசி, அறுபது நாள்களுக்குள் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. வந்தவர் என்னைவிட வயதில் இளையவர். கேட்டின் தாழ்ப்பாளை ஒரு குழந்தை எட்டித் திறக்க முடியுமா என்று குனிந்து பார்த்தார். குளியலறையில் இருந்த தண்ணீர் டிரம்மைக் காட்டி, "இதுக்கு மூடி இருக்கா மேடம்?" என்று கேட்டார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கையை வைத்து அளந்தார். கேஸ் சிலிண்டர், மருந்து வைக்கும் இடம், நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அந்த நேரம் முழுவதும் நான் திருநங்கையாகப் பார்க்கப்படவில்லை. ஒரு குழந்தை வரப்போகும் வீட்டின் பொறுப்பாளியாகப் பார்க்கப்பட்டேன். கீழ் வீட்டு அக்காவிடம் அவர் தனியாகப் பேசியபோது, "என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்தா இவங்க வீட்லதான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும், வேறென்ன சொல்லணும்?" என்று அக்கா சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

கடினமான கேள்விகளையும் அவர் தவிர்க்கவில்லை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் அம்மாவைப் பற்றிக் கேலி செய்தால் குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? தத்துக் குழந்தை என்பதையும் நீங்கள் திருநங்கை என்பதையும் எந்த வயதில், எந்த வரிசையில் சொல்வீர்கள்? வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன ஏற்பாடு? இவற்றை அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, குழந்தைக்காகக் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இரண்டையும் மறைக்காமல், குழந்தைக்குப் புரியும் சொற்களில் சின்ன வயதிலிருந்தே சொல்லி வருவேன் என்று சொன்னேன். இப்படிப்பட்ட பெற்றோருக்கு வழிகாட்டும் ஆலோசனை வகுப்பு எதுவும் நான் போன இடத்தில் இல்லை. தம்பதியருக்கான அறிவுரைகளை அச்சிட்ட கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய செலவு வேண்டாம். திருநர் பெற்றோரை அறிந்த ஓர் ஆலோசகர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் போதும்.

திருமணமான திருநங்கைகளுக்குப் பாதை சற்றுத் தெளிவானது. ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் ஐந்து நீதிபதிகளும், எதிர்பாலினத்தவரோடு உறவில் உள்ள திருநர்கள் நடைமுறையில் உள்ள சட்டங்களின்படியே மணந்துகொள்ளலாம் என்பதில் ஒன்றுபட்டார்கள். ஆகவே திருமணத்தைப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் கடந்த தம்பதி, மற்ற எந்தத் தம்பதியையும் போலவே விண்ணப்பிக்கலாம் என்பதே என் புரிதல். மணமாகாமல் இணைந்து வாழ்பவர்களுக்கு அதே தீர்ப்பு கதவை அடைத்தது. தத்தெடுக்க மணவாழ்வைக் கட்டாயமாக்கும் விதி பாகுபாடானது என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் கருதினார்கள். மற்ற மூவரும் அதை ஏற்கவில்லை. மணமாகாமல் இணைந்து வாழும் இருவரில் ஒருவர் தனி நபராக விண்ணப்பித்தால், குழந்தைக்குச் சட்டப்படி ஒரே பெற்றோர்தான். இன்னொருவர் எத்தனை ஆண்டு சோறூட்டினாலும் பள்ளிப் படிவத்தில் அவருக்கு இடம் இல்லை.

காத்திருப்பு நீளமானது. பதிவு செய்து காத்திருப்போர் 30,000க்கும் மேல். 2024-25ஆம் ஆண்டில் தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர், அதுவே பல ஆண்டுகளில் இல்லாத உயர்ந்த எண்ணிக்கை. இரண்டு வயதுக்கு உட்பட்ட நலமான குழந்தையைக் கேட்பவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரலாம். எங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. தனி நபர் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க வயது 40ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 45, நான்கு முதல் எட்டுக்கு 50, அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைக்கு 55. மற்றவர்கள் இருபதுகளில் வேலை, வீடு என்று காலூன்றும்போது, நாங்கள் அந்த ஆண்டுகளை வீட்டை விட்டு வெளியேறுவதிலும், அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்ப்பதிலும், பெயரை மாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதிலும் கழித்துவிடுகிறோம். தாய்மைக்குத் தயாராகும்போது நாற்பது எட்டிவிடுகிறது. நான் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைத் தேர்ந்தெடுத்தேன். வயதில் பெரிய குழந்தைகளையும் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளையும் கேட்பவர்கள் குறைவு என்பதால் அந்த வரிசை வேகமாக நகர்கிறது. அந்தக் குழந்தைகள் அம்மா அப்பாவுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனால் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் யாரும் இந்தத் தேர்வைச் செய்யக் கூடாது. கைவிடப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் வயதில் வரும் குழந்தைக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

குழந்தையின் விவரம் வந்தவுடன் 48 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். பிறகு நிறுவனத்தின் குழுவைச் சந்தித்து, குழந்தையைப் பார்த்து, இறுதி ஆணை வரும்வரை வளர்க்க, முன்வளர்ப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அழைத்து வரலாம். இறுதி ஆணையை முன்பு நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். எங்களுக்குத் திருநர் சான்றிதழ் தருபவரும் அவர்தான். ஆட்சியரகத்தின் ஒரு பிரிவில் எங்கள் அடையாளத்துக்குப் போட்ட கையெழுத்தை இன்னொரு பிரிவில் சந்தேகிக்க இடமில்லை என்பதால், இந்த மாற்றம் எங்களுக்கு நன்மையாகவே முடியும் என்று நம்புகிறேன். முன்வளர்ப்பாகக் குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். இதை வேவு பார்ப்பதாக நினைத்து அஞ்சும் தோழிகளுக்கு நான் சொல்வது, பள்ளிச் சேர்க்கையில் தலைமையாசிரியர் முகம் சுளித்தால் பேசுவதற்கு அரசுப் பக்கத்தில் நம்மை அறிந்த ஒருவர் இருப்பார் என்பதே.

பிறப்புச் சான்றிதழும் கவலை தரும் விஷயம். கேரளத்தில் குழந்தை பெற்ற திருநர் இணையர், சான்றிதழில் தாய், தந்தை என்று எழுதாமல் பெற்றோர் என்று பொதுவாக எழுதக் கோரி வழக்குத் தொடுத்து, 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றத்தில் அதற்கு ஆணை பெற்றார்கள். அது பெற்ற குழந்தைக்கான வழக்கு என்றாலும், தத்துக் குழந்தையின் சான்றிதழுக்கும் நாளை இதே வாதம் பயன்படும்.

காராவுக்கு வெளியே உள்ள வழிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றோர் தங்கள் குழந்தையை நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம். சொந்தத்துக்குள் நடக்கும் தத்துகள் பெரும்பாலும் இவ்வழியில்தான் பதிவாகின்றன. அந்தச் சட்டமும் இந்து ஆண், இந்துப் பெண் என்று இருவரைப் பற்றியே பேசுகிறது. நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 2022 ஆகஸ்டில் இந்தச் சட்டத்தையும் இளைஞர் நீதிச் சட்டத்தையும் இணைத்துப் பாலினச் சிறுபான்மையினரையும் உள்ளடக்கிய ஒரே சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்ததோடு சரி.

மருத்துவமனை வாசலிலோ பேருந்து நிலையத்திலோ கிடைத்த குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்த திருநங்கைகளின் கதைகள் எங்கள் ஊர்களில் ஏராளம். அந்த அன்பை நான் தலைவணங்கி மதிக்கிறேன். மும்பையின் கௌரி சாவந்த், தாயை இழந்த ஒரு சிறுமியை மகளாக வளர்த்த கதை நாடே அறிந்தது. ஆனால் இன்று யாரும் இதைச் செய்யத் துணிய வேண்டாம். முறைப்படி அல்லாமல் குழந்தையைத் தத்துக்குக் கொடுத்தாலும் வாங்கினாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். குழந்தையோடு ஒரு திருநங்கை நின்றாலே பிள்ளை பிடிப்பவள் என்று கூட்டம் சேரும் ஊரில், காகிதம் இல்லாத தாய்க்கு என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கேட்பாரற்ற குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க வேண்டும்.

தத்தெடுக்காமல் ஒரு குழந்தையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு என்ற இன்னொரு வழியையும் யோசிக்கலாம். 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்கள், 35 முதல் 60 வயதுவரையிலான தனி நபர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்கின்றன. இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். இதிலும் தனி ஆண், தனிப் பெண் என்ற அதே பிரிவினைதான். ஆனால் பெரிய குழந்தையை ஏற்கத் தயாராக உள்ள, ஆவணங்களில் பெண்ணாக உள்ள திருநங்கைக்கு இது நல்ல வாய்ப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், ஆவணங்கள் ஒரே பெயரில், ஒரே பாலினத்தில் சீராக உள்ளவர்களுக்கும், கையெழுத்துப் போட ஒரு சொந்தம் உள்ளவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சான்றிதழில் திருநர் என்று உள்ளவர்கள் பதிவைத் தொடங்கும் முன், தங்கள் தகுதி குறித்து மாநிலத் தத்தெடுப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். வாய்மொழியாக முடியாது என்று சொல்பவர்கள் அதைத் தாளில் எழுதத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பொதுமக்களுக்கான சேவையில் திருநர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே விண்ணப்பத்தை எழுதுங்கள். மறுப்பு எழுத்தில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞரைக் கட்டணமின்றி அமர்த்தித் தருவார்கள்.